அசல் எப்போது குறையும்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளங்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவே இருக்கிறது முத்தையாபுரம். பக்கத்தில் 1975-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் உர ஆலை. சற்றுத் தள்ளி வ.உ.சிதம்பரனார் துறைமுகம், அதையொட்டி அனல்மின் நிலையங்கள். இப்படிப்பட்ட ஊரில் கடன் கலக்காமல் எழுந்த பொருள் அரிது. லாரிக்குக் கடன், விசைப்படகுக்குக் கடன், வீட்டுக்குக் கடன், கப்பல் அணையும் தளத்துக்கும் மின் நிலையத்துக்கும் கடன். ஒன்று லட்சத்தில் இருக்கும், மற்றொன்று ஆயிரம் கோடியில் இருக்கும். இரண்டையும் தீர்க்கிற கணக்கு ஒன்றுதான்.

பெரிய தொகை ஒன்றைக் காலத்தின்மீது பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்பதை நிதித்துறையில் அமார்டைசேஷன் என்கிறார்கள். கடன் வாங்கியவருக்கு அது அசலைத் தவணைகளில் அடைப்பது. நிறுவனத்தின் கணக்கருக்கு அது, ஓர் உரிமைக்கோ உரிமத்துக்கோ கொடுத்த விலையை, அது பயன்தரும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவெழுதுவது. பள்ளிக் கணக்குப் பதிவியல் பாடத்தில் போக்கெழுதுதல் என்று வரும். இரண்டும் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லித்தரப்பட்டாலும் கேள்வி ஒன்றே: பணம் போகிற காலமும் பயன் வருகிற காலமும் பொருந்துகின்றனவா? பொருந்தாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சான்றுகள் இருக்கின்றன.

முதலில் வீட்டுக்கடன். 10 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 8,997 ரூபாய். 240 மாதமும் தொகை மாறுவதில்லை. அதன் உள்ளே இருப்பது மாதாமாதம் மாறுகிறது. முதல் மாதம் வட்டி 7,500 ரூபாய், அசலுக்குப் போவது 1,497 ரூபாய் மட்டும். அடுத்த மாதம் அசல் அந்த 1,497 ரூபாய் குறைந்திருப்பதால் வட்டி 11 ரூபாய் குறைகிறது. அந்த 11 ரூபாய் அசலுக்குப் போகிறது. இப்படி நகர்ந்து, அசலுக்குப் போகும் பங்கு வட்டியை முந்துவது 149-ஆவது தவணையில், அதாவது 12 ஆண்டு 5 மாதத்தில். வாங்கிய கடனில் சரிபாதி அடைவதற்கு ஏறத்தாழ 14 ஆண்டு ஆகிறது.

ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார். வங்கியில் பாக்கியைக் கேட்டால் 8 லட்சத்து 87 ஆயிரம் என்பார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று பல வீடுகளில் மனம் நொந்துபோவது இந்த இடத்தில்தான். கணக்கில் பிழை இல்லை. ஒவ்வொரு மாதமும் நிலுவையில் இருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி கணக்கிடப்படுகிறது; தொடக்கத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. ஆனால் கடன் கொடுக்கும்போது இந்த அட்டவணையை எடுத்து வைத்து ஒருவருக்கும் விளக்காமல் தவணைத் தொகையை மட்டும் சொல்லி அனுப்புவது நெடுங்காலப் பழக்கமாக இருந்தது. அதைச் சரி என்று சொல்ல முடியாது.

அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஆயுதம். இதே கடனில் முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டி, மாதத் தவணையை மாற்றாமல் வைத்தால், மீதமுள்ள 228 தவணைகள் 178 ஆகிவிடுகின்றன. மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ மூன்றரை லட்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் இந்த ஆதாயத்தில் சிறு பகுதிதான் கிடைக்கும். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் தடை விதித்தது. அதற்குப் பிறகு இந்த வழி திறந்தே இருக்கிறது.

நீண்ட காலத்துக்குச் சம தவணையில் கட்டித் தீர்க்கும் கடன் எங்கும் எப்போதும் இருந்ததன்று. அமெரிக்காவிலேயே 1930-களுக்கு முன்பு வீட்டுக்கடன் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கானது. வட்டியைக் கட்டிவந்து, கெடு முடியும்போது அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது புதுப்பிக்க வேண்டும். பெருமந்தத்தில் வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, வீடுகள் ஏலத்துக்குப் போயின. 1933-இலும் 1934-இலும் அந்நாட்டு அரசு அமைத்த நிறுவனங்கள்தான் நீண்டகாலச் சம தவணை முறையைப் பரவலாக்கின. இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்த முறை 1977-இல் எச்.டி.பரேக் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. வழியாக வந்தது. அதற்கு முந்தைய வங்கித்தொழில் வணிகரை நம்பியது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகப் பிறந்து, 1962-இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் அந்த மரபில் வந்ததுதான்: சரக்கு வாங்கக் கடன், சரக்கு விற்றதும் அடைப்பு. சில மாதங்களில் சுழன்று திரும்பும் பணத்துக்கு இருபதாண்டு அட்டவணை தேவைப்படவில்லை.

வங்கிக்கு வெளியே நிலைமை வேறு. தென்மாவட்டங்கள் நன்கறிந்த கந்துவட்டியில் அசல் குறைவதே இல்லை. வாரந்தோறும், மாதந்தோறும் கட்டுவது முழுக்க வட்டி. பல ஆண்டு கட்டினாலும் வாங்கிய தொகை அப்படியே நிற்கும். அசலை மொத்தமாகத் திரட்டிக் கொண்டுபோனால்தான் பத்திரம் திரும்பும், மொத்தமாகத் திரட்ட முடியாதவர்தான் அங்கே போகிறார். 2003-இல் தமிழ்நாடு அரசு அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. வட்டிவிகிதம் எவ்வளவு என்பதோடு, அசலில் எவ்வளவு கழிகிறது என்ற கேள்வியையும் சட்டம் சேர்த்துக் கேட்டாக வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

நாள்தோறும் வசூலிக்கும் தண்டலில் அசல் கழியும், விலைதான் கண்ணுக்குத் தெரியாது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் வசூலிப்பது சந்தைகளில் வழக்கமான கணக்கு. கேட்பவருக்குப் பதினைந்து சதவீதம் போலத் தோன்றும். உண்மையில் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. 8,500 ரூபாய் முழுதாக ஒரு நாள்கூட வாங்கியவரிடம் நிற்பதில்லை. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி நாளொன்றுக்கு மூன்றில் ஒரு சதவீதம், ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல். இதே வேலையை மரியாதையான உடையில் செய்வது வாகனக் கடனில் சிலர் சொல்லும் ஃபிளாட் ரேட் வட்டி. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம், மூன்று ஆண்டு. மொத்த வட்டி 36,000 என்று முதலிலேயே கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதம் 3,778 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 12 சதவீதமன்று, ஏறத்தாழ 21 சதவீதம்.

நகைக்கடன் மூன்றாவது வகை. பெரும்பாலும் ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி நகையைத் திருப்ப வேண்டும். முடியாதவர்கள் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறார்கள். கடன் உயிரோடிருக்கிறது, அசல் அசையவில்லை. அவசரத்துக்கு உதவும் கடன் என்பதால் இதைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் மூன்று நான்கு ஆண்டு மறு அடகிலேயே கிடக்கும் நகை, அந்தக் குடும்பம் மாதத் தவணைக் கடனுக்குத் தகுதியானது என்பதையும் காட்டுகிறது.

வங்கித் தவணையும் எப்போதும் நேராக ஓடுவதில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது; 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானது. 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 10 லட்சம் வாங்கியவரின் தவணை 7,604 ரூபாய். வட்டி 9.25 ஆக உயர்ந்தால் 10 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 7,708 ரூபாய். ரெப்போ உயரத் தொடங்குவதற்குச் சற்று முன்பு கடன் வாங்கியவருக்கு இடைப்பட்ட மாதங்களில் குறைந்த அசல் 20,000 ரூபாய்க்கும் கீழே. ஆக, கட்டுகிற தவணை கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே போனது. வங்கிகள் பல நேரம் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டின. இருபது ஆண்டுக் கடன் ஐம்பது ஆண்டைத் தாண்டும் அளவுக்குக் கணக்கு போனது. வட்டிக்குக்கூடத் தவணை போதாமல் அசல் வளரத் தொடங்குவதுதான் இதன் அடுத்த படி. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி தலையிட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும், காலநீட்டிப்பால் அசல் வளரக் கூடாது என்றது.

கொரோனாக் காலத் தவணை விடுப்பு இதன் இன்னொரு முகம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம் என்றார்கள். வட்டி மட்டும் ஓடியது. மேலே சொன்ன 9 சதவீதக் கடனை அப்போதுதான் வாங்கிய ஒருவர் ஆறு தவணையை விட்டிருந்தால், தவணைத் தொகை மாறாத நிலையில், அவர் கட்ட வேண்டிய தவணைகள் 240-லிருந்து 275 ஆகும். ஆறை விட்டதற்கு முப்பத்தைந்து கூடுதல். கடனின் கடைசிக் காலத்தில் இருந்தவருக்கு இந்தப் பாதிப்பு மிகச் சிறிது. வட்டிக்கு வட்டி போட்டது சரியா என்ற வழக்கில் 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், அந்த ஆறு மாதத்துக்கு வட்டிமேல் வட்டியோ அபராத வட்டியோ யாரிடமும் வசூலிக்கக் கூடாது, வசூலித்திருந்தால் திருப்பிக் கொடுக்கவோ கழிக்கவோ வேண்டும் என்றது.

2024 அக்டோபர் முதல் இன்னொரு மாற்றம். சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும், கட்டணங்கள் உட்பட ஆண்டுக்கு மொத்த விலை எவ்வளவு என்பதையும் தவணை அட்டவணையையும் சேர்த்து, முக்கிய விவரங்களை ஒரு தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. முத்தையாபுரத்தில் கடன் வாங்குபவர் அதைத் தமிழில் கேட்கலாம். கேட்க வேண்டும்.

இனி நிறுவனங்களின் பக்கம். கட்டடமும் இயந்திரமும் தேய்வதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கையால் தொட முடியாத சொத்துகளுக்கும், அதாவது குத்தகை உரிமை, அலைக்கற்றை, காப்புரிமை, மென்பொருள், வணிகக்குறி ஆகியவற்றுக்கும் ஆயுள் உண்டு. இருபதாண்டுக்கு எடுத்த உரிமத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே செலவெழுதினால் அந்த ஆண்டு பொய்யான நட்டம், பின்வரும் ஆண்டுகளில் பொய்யான லாபம். அதைத் தவிர்க்கவே பகிர்ந்து எழுதுகிறார்கள். இந்தியாவின் பழைய கணக்குத் தரநிலையில் இத்தகைய சொத்தின் ஆயுள் பத்தாண்டுக்கு மேல் இல்லை என்பது பொதுவான அனுமானம். மேல் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வேறு வழியில் போனது: ஆண்டுதோறும் மீதி மதிப்பில் 25 சதவீதம். ஒரு கோடிக்கு வாங்கிய உரிமத்தில் முதல் ஆண்டு 25 லட்சம், இரண்டாம் ஆண்டு 18 லட்சத்து 75 ஆயிரம் என்று கழிந்துகொண்டே போகும். ஒரே சொத்துக்குப் பங்குதாரருக்கு ஒரு கணக்கு, வரி அதிகாரிக்கு இன்னொரு கணக்கு இருப்பது இதனால்தான்.

ஆயுளைத் தவறாக மதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவைவிட நல்ல பாடம் இல்லை. 1903 முதல் இலங்கைக் கரையின் முத்துப்பார்கள் அள்ளிக் கொடுத்தன. 1905-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு இலங்கை அரசுக்குப் பெரும் வருவாய் தந்தது. தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்களும் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் கூடினார்கள். அந்த உற்சாகத்தில் லண்டனில் ஒரு கம்பெனி அமைந்தது, இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி. 1906 முதல் 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1906-இலும் 1907-இலும் குளிப்பு நடந்தது. பிறகு சிப்பி வளரவில்லை. 1912-இல் கம்பெனி கலைக்கப்பட்டது; அடுத்த முத்துக்குளிப்பு 1925-இல்தான் நடந்தது.

ஒப்பந்தத் தாளில் 20 ஆண்டு. கடலுக்கடியில் இரண்டு பருவம். முதலீட்டை இருபதால் வகுத்து ஆண்டுதோறும் சமமாக எழுதியிருந்தால் கணக்கு சட்டப்படி சரியாக இருந்திருக்கும், நிலைமையைச் சொல்லியிருக்காது. முத்துப்பார்கள் பல ஆண்டு வெறுமையாகக் கிடந்து திடீரென நிறைவது நூற்றாண்டுகளாகத் தெரிந்த சேதி. இந்தப் பக்கம் தூத்துக்குடிப் பார்களிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்புக்குப் பின் முத்துக்குளிப்பு நின்றேபோனது. இன்றைய தரநிலைகள், சொத்தின் மதிப்பு வீழ்ந்ததற்கான அறிகுறி தெரிந்தால் அட்டவணைக்குக் காத்திராமல் அந்த ஆண்டிலேயே மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்கின்றன. முத்துக் கம்பெனியின் காலத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அதே 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரம். காலியா, லாவோ என்ற கப்பல்கள் பல ஆண்டு ஓடக்கூடியவை. போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும், 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டதும் சேர்ந்து 1911-இல் கம்பெனியை மூடவைத்தன. சொத்துக்கு ஆயுள் இருந்தும் வருமானத்துக்கு இல்லாமல் போனது. முதலீடு கடனாக இல்லாமல் பங்காக இருந்ததால்தான் நாட்டுப்பற்றோடு பணம் போட்ட எளியவர்கள் பணத்தை மட்டும் இழந்தார்கள், கடனாளி ஆகவில்லை. இதைக் கப்பல் கம்பெனியின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்று உரிமைக்காலம்தான் அளவுகோல். ஏழாவது தளத்தைச் சரக்குப் பெட்டக முனையமாக நடத்தும் உரிமை 1998-இல் பி.எஸ்.ஏ. சிகால் நிறுவனத்துக்கு 30 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் தளம் துறைமுகத்துக்கே சொந்தம். நடத்துபவர் வைத்திருப்பது கட்டணம் வசூலிக்கும் உரிமை மட்டும். அவர் போட்ட முதலீடு முப்பதாவது ஆண்டு முடிவதற்குள் கணக்கில் தீர்ந்திருக்க வேண்டும், பளுதூக்கி இன்னும் பத்தாண்டு உழைக்கும் நிலையில் இருந்தாலும். இந்த ஒப்பந்தத்தில் பெட்டகத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஏறும் உரிமைத்தொகை இருந்தது. அதைக் கட்டணத்தில் ஏற்ற முடியவில்லை என்று நிறுவனம் நடுவர் மன்றத்துக்குப் போனது. உரிமைத்தொகைக்குப் பதிலாக வருவாய்ப் பங்கு என்று மன்றம் மாற்றியது. அது ஒப்பந்தத்தையே மாற்றி எழுதுவதாகும் என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. முப்பதாண்டுக்கு முன்கூட்டி எழுதிய எண்களுக்கு இவ்வளவு கனம் உண்டு.

மின் நிலையத்தில் இதன் சுமை நேராக நுகர்வோர்மேல் இறங்குகிறது. துறைமுகத்தையொட்டி என்.எல்.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நிறுவிய, 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட நிலையம் 2015-இல் உற்பத்திக்கு வந்தது. இத்தகைய நிலையங்களுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் வகுக்கும் முறையில், முதலீட்டில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் பங்குமூலதனம் என்பது பொதுக்கணக்கு. நிலையத்தின் ஆயுள் 25 ஆண்டு. ஆனால் தேய்மானம் 25 ஆண்டுக்குச் சமமாகப் பகிரப்படுவதில்லை; முதல் 12 ஆண்டில் வேகமாக எழுதி, மீதியைப் பிற்பட்ட ஆண்டுகளில் மெல்ல எழுதுகிறார்கள். காரணம் வெளிப்படை: வங்கிகள் அந்தக் காலத்துக்குள் கடனைத் திரும்பக் கேட்கின்றன. அதனால் முதல் பன்னிரண்டு ஆண்டு மின்சாரம் வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார், பின்னால் வருபவர் மலிவாகப் பெறுகிறார். 2024-இல் வந்த புதிய விதிகள் இனிவரும் நிலையங்களுக்கு அந்தக் காலத்தை 15 ஆண்டாக நீட்டியிருக்கின்றன. இது சரியான திசை. இயந்திரம் 25 ஆண்டு உழைக்கும் என்றால் கடனும் அதற்கு அருகே நீள வேண்டும்.

நிறுவனங்களை விலைக்கு வாங்கும்போது எழும் நற்பெயர் மதிப்பு (குட்வில்) தனிச் சிக்கல். பழைய தரநிலை அதை ஐந்தாண்டில் போக்கெழுதச் சொன்னது. பெரிய நிறுவனங்களுக்கான புதிய தரநிலை போக்கெழுதவே வேண்டாம், ஆண்டுதோறும் மதிப்பைச் சோதித்தால் போதும் என்கிறது. பன்னாட்டுக் கணக்குத் தரநிலை வாரியம் நெடுநாள் விவாதித்து 2022-இல் அதே நிலையைத் தொடர முடிவு செய்தது. வரியில் நடந்தது வேறு: 2012-இல் ஸ்மிஃப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நற்பெயருக்கும் தேய்மானம் உண்டு என்றது, 2021 நிதிச் சட்டம் அதை நீக்கியது.

செலவழித்த பணத்துக்குப் பயனே வராமல் போவதும் உண்டு. 2005 ஜூலை 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரக் கப்பல் கால்வாய்த் திட்டத்தின் மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். தூத்துக்குடித் துறைமுகம்தான் அதற்குப் பொறுப்பு நிறுவனம். கப்பல்கள் கொடுக்கும் கட்டணத்தில் முதலீடு தீரும் என்பது கணக்கு. ஆதம் பாலம் பகுதியில் தோண்டுவதற்கு 2007-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பணி நின்றது, தோண்டிய பகுதிகளில் மணல் மீண்டும் சேர்ந்தது. கால்வாயும் வரவில்லை, கட்டணமும் வரவில்லை.

சாலைகளுக்குச் சட்டம் காட்டிய ஒரு சலுகை இந்த ஊரின் உப்பளக்காரர்கள் அறிய வேண்டியது. தனியார் கட்டிச் சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் தொடக்க ஆண்டுகளில் வண்டி குறைவு, போகப்போக அதிகம். சமமாகப் பகிர்ந்தால் முதல் ஆண்டுகளில் கணக்கு நட்டத்தில் மூழ்கும். எனவே 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், இரண்டாம் அட்டவணையில், சுங்கச்சாலை உரிமையை வருவாய்க்கேற்பப் போக்கெழுத இடம் கொடுத்தது: மொத்தமாக எதிர்பார்க்கும் வருவாயில் இந்த ஆண்டு வந்தது எத்தனை பங்கோ, விலையில் அத்தனை பங்கை இந்த ஆண்டுச் செலவாக எழுதலாம். புதிய தரநிலைக்கு மாறிய நிறுவனங்களுக்கு இது மாற்றத்துக்கு முந்தைய சாலைகளோடு நின்றுவிடுகிறது என்றாலும், வருமானம் எப்படி வருகிறதோ அப்படியே செலவும் எழுதப்படலாம் என்ற கொள்கையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

உப்பளத்தின் வருமானமும் சமமாக வருவதில்லை. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைகிறது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி சீராக்கி, வெயில் ஏறியதும் உப்பு வாரி, தட்டுமேட்டில் அம்பாரம் சேர்த்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை விற்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. வேலையில்லாத மாதங்கள் இருப்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகும், சிறு உப்பு உற்பத்தியாளர் மோட்டாருக்கோ வண்டிக்கோ வாங்கும் கடனுக்குப் பன்னிரண்டு மாதமும் சம தவணை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரரின் தவணை அப்போதும் நிற்பதில்லை. அந்த மாதங்களில் தவணை கட்டுவதற்காகத் தண்டல் வாங்குவதும் நகையை வைப்பதும் நடக்கின்றன. 12 சதவீதக் கடனைக் காப்பாற்ற 120 சதவீதக் கடன்.

இதைத் திருத்த வங்கி எதையும் இழக்க வேண்டியதில்லை. இரண்டு லட்சம் ரூபாய், 12 சதவீதம், மூன்று ஆண்டு என்ற கடனுக்குச் சம தவணை மாதம் 6,643 ரூபாய். 36 தவணையில் மொத்தம் 2 லட்சத்து 39 ஆயிரம். டிசம்பர் கடைசியில் கடனைக் கொடுத்து, ஜனவரி முதல் செப்டம்பர் வரை மட்டும் மாதம் 8,728 ரூபாய் வாங்கி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவணையை நிறுத்தி, அந்த மூன்று மாத வட்டியை அசலில் சேர்த்தால், கடன் மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. 27 தவணைகளில் மொத்தம் 2 லட்சத்து 35 ஆயிரத்து 700 ரூபாய் அளவில் நிற்கிறது. வங்கிக்கு அதே 12 சதவீதம் கிடைக்கிறது. மூன்று மாதம் முன்னதாகவே தீர்வதால் கடன் வாங்கியவர் கொடுக்கும் மொத்தத் தொகையும் சற்றுக் குறைகிறது.

விவசாயக் கடனில் அறுவடையை ஒட்டித் தவணை வைப்பது பழைய நடைமுறை. ஒரு கடன் வாராக்கடனா என்பதைக்கூடப் பயிர்ப் பருவத்தைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். உப்பு விவசாயமாகக் கருதப்படாததால் உப்பளக்காரருக்கு அந்த வாசல் தானாகத் திறப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி முழுவதும் வெள்ளத்தில் நின்றது. தட்டுமேட்டில் குவித்த உப்பும் கரைந்தது. அப்படிப்பட்ட பேரிடருக்குப் பிறகு கடனை மறுசீரமைக்க விதிகள் உண்டு. ஆண்டுதோறும் தவறாமல் வருகிற மழைக்கு மறுசீரமைப்பு தேவையில்லை, கடன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி போதும்: எந்தெந்த மாதங்களில் வருமானம் வரும்? மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் கூட்டுறவு வங்கியும் உப்பு உற்பத்தியாளர் சங்கங்களோடு உட்கார்ந்து, இந்தப் பதிலின்படி ஒன்பது மாத அட்டவணை ஒன்றை வகுத்து, அடுத்த ஜனவரிப் பருவத்துக்கு முன்பே கிளைகளுக்கு அனுப்பலாம்.